யாருக்காகச் செய்தது?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தந்தத்தில் செதுக்கிய உப்புச் சிமிழ் ஒன்று இருக்கிறது. இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த பெனின் அரசில், பதினாறாம் நூற்றாண்டில் செய்தது. செய்யச் சொல்லி வாங்கியவர்கள் கடல்வழி வந்து இறங்கிய போர்ச்சுகீசியர்கள். சிமிழைச் சுற்றி நிற்பவர்களும் அவர்களேதான். நீண்ட தாடி, கூரிய மூக்கு, மார்பில் தொங்கும் சிலுவை, உடுப்பின் மடிப்பும் பின்னலும் ஒன்றுவிடாமல் வந்திருக்கின்றன. மூடியின்மேல் ஒரு கப்பல். பாய்மரத்தின் உச்சிக் கூண்டிலிருந்து ஒருவன் எட்டிப் பார்க்கிறான். சரக்கு வாங்க வந்தவனைக் கூர்ந்து கவனித்து, அவனையே செதுக்கி, அவனிடமே விற்றிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கச் சாலைகளில் கைவினைக் கடை கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தும் வியாதி உள்ளவர்களுக்கு (எனக்கு முற்றிவிட்டது) இந்தச் சிமிழ் நல்ல எச்சரிக்கை. நாம் ஆப்பிரிக்காவைப் பார்க்கிற நினைப்பில் கடைக்குள் நுழைகிறோம். கடைக்காரரோ ஐந்நூறு ஆண்டுகளாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் சுற்றியது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாநிலத்தில். டர்பனில் தொடங்கி என்3 நெடுஞ்சாலையில் மேலேறினால் மிட்லேண்ட்ஸ் புல்வெளிகள். அங்கிருந்து வடக்கே டண்டி, ரோர்க்ஸ் டிரிஃப்ட். பிறகு கிழக்கே இறங்கி எஷோவே, ஹ்லுஹ்லுவே. கடலோரமாக என்2 வழியே மறுபடி டர்பன். தார்ச் சாலைதான் பெரும்பாலும். மாடு குறுக்கே வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டர்பனில் தொடக்கமே நம்மூர் வாசனையோடுதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்து இறங்கியவர்களில் தொடங்கிய மக்கள் வழி, விக்டோரியா தெருச் சந்தையில் இன்றும் மசாலா விற்கிறது. குவித்து வைத்த தூள்களில் மிகக் காரமானதன்மேல் 'மாமியார் ஒழிப்பான்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைச் செருகியிருப்பார்கள். வீட்டுச் சமையலுக்கு வாங்க வந்த டர்பன்காரர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு நான் பார்க்கவில்லை. அது கேமராவோடு வருகிறவனுக்கு. நாலு கடை தள்ளி மர முகமூடிகள், மணிமாலைகள், தோல் பைகள். மசாலாவும் முகமூடியும் ஒரே ஆளுக்காக ஒரே கூரையின்கீழ் காத்திருக்கின்றன.

ஊரைத் தாண்டியதும் சாலையோரக் கடைகள். மரத்தில் செதுக்கிய ஒட்டகச்சிவிங்கிகள் காலை வழிபாட்டில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நிற்கும். சாண் உயரம், முழ உயரம், ஆள் உயரம். முழ உயரம்தான் அதிகம் போகும் என்றார் ஒரு கடைக்காரர். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்குள் அது குறுக்காகப் படுத்துக்கொள்ளுமாம். அந்தக் கழுத்தின் நீளத்தை முடிவு செய்தது காடு இல்லை, விமானக் கம்பெனியின் பெட்டி அளவு. சொன்னவர் மலாவிக்காரர். பக்கத்தில் கல் சிற்பம் விற்றவர் ஜிம்பாப்வேக்காரர். அவர் அடுக்கியிருந்த இளஞ்சிவப்பு மாக்கல் கிண்ணங்கள் கென்யாவின் கிசி பகுதியிலிருந்து வந்தவை. சுலு நாட்டில் சுலு சாமான் வாங்குகிறோம் என்று நம்புகிறவன் அரைக் கண்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். ஆப்பிரிக்கா என்பது ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டு வருபவனுக்கு, அப்படியே ஒரே ஊராகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

"இதெல்லாம் டூரிஸ்டுகளுக்கு, எனக்கு அசல்தான் வேண்டும்" என்று சொல்லும் விவரமான ஆசாமி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரையும் கடைக்காரர் அறிவார். போன மாதம் செதுக்கிய முகமூடியை மண்ணில் புதைத்து, புகை காட்டி, ஷூ பாலிஷ் தேய்த்து, ஓரத்தில் லேசாக உடைத்து, நூறு வயது ஏற்றி உள்ளறையில் துணி சுற்றி வைத்திருப்பார்கள். முன்வரிசைச் சிவிங்கி எளிய வாடிக்கையாளரின் உருவப்படம் என்றால், உள்ளறை முகமூடி கர்வமுள்ள வாடிக்கையாளரின் உருவப்படம். இரண்டாவதற்கு விலை அதிகம்.

மணி வேலைப்பாட்டில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. சுலுப் பெண்கள் தாங்கள் விரும்பும் ஆணுக்கு மணிகளால் கோத்த சிறு பதக்கம் தருவது பழைய வழக்கம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எந்த முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலெல்லாம் செய்தி இருக்கும். அந்தச் செய்தி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சிலசமயம் கோத்தவளுக்கும் அணிந்தவனுக்கும் நடுவே மட்டுமே புரியும். இன்று கடையில் அந்தப் பதக்கத்தோடு அச்சடித்த அட்டை ஒன்றைச் சேர்த்துத் தருகிறார்கள். வெள்ளைக்கு இந்தப் பொருள், சிவப்புக்கு இந்தப் பொருள், பச்சைக்கு இது என்று பட்டியல். ஊரறியக் கூடாது என்று கோத்த கடிதத்துக்கு உரைநூல் போட்டு ஊருக்கே விற்கிறார்கள்.

மணிகளைப் பற்றி இன்னொன்று. 'ஆப்பிரிக்க மணி' என்று நாம் கொண்டாடும் கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் செய்தவை இல்லை. சில நூற்றாண்டுகளாக வெனிஸிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வந்தன. அதற்கும் முன்னால் இந்துமாக்கடல் வழியே வந்தன. லிம்போபோ ஆற்றங்கரையில் மாபுங்குப்வேயிலும், அதற்கு முந்தைய கே2 குடியிருப்பிலும் தோண்டி எடுத்தவற்றில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தென்னாசியக் கண்ணாடி மணிகள் உண்டு. குழலாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிய சின்னஞ்சிறு மணிகள், நம் அரிக்கமேட்டில் கிடைத்தவற்றின் வகை. ஆக, பொருள் எந்த மண்ணில் பிறந்தது என்று பார்த்து 'அசலை'த் தேடுகிறவனுக்கு இந்த ஊரில் மிஞ்சுவது ஏமாற்றம்தான். இங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: இதைச் செய்தபோது செய்தவர் மனத்தில் யார் இருந்தார்?

அந்தக் கேள்வி எனக்குள் ஏறியது டெலிபோன் ஒயர் சுற்றிய ஒரு தடியைப் பார்த்தபோது. டர்பனிலும் ஜொகன்னஸ்பர்கிலும் தொழிற்சாலை வாசல்களில் இரவுக் காவலுக்கு நின்றவர்களில் பலர் சுலு கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குடும்பத்தை நகரத்துக்கு அழைத்துவர நிறவெறிச் சட்டங்கள் விடாத காலம். கையில் ஒரு தடி, முன்னால் நீண்ட இரவு. டெலிபோன் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் நறுக்கிப் போட்டுவிட்டுப் போன ஒயர்த் துண்டுகளை எடுத்து, அந்தத் தடியின்மேல் பின்னத் தொடங்கினார்கள். உள்ளே செம்பு, மேலே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் உறை. தடி முடிந்ததும், ஊரில் பீர்ப் பானையை மூடப் புல்லாலும் ஓலையாலும் பின்னும் 'இம்பெங்கே' என்ற சிறு தட்டை ஒயரில் பின்னிப் பார்த்தார்கள். அப்படி இரவுக் காவலராக இருந்து வந்த எலியட் ம்கிஸே இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்படுகிறார். இன்று அந்தக் கிண்ணங்கள் உலகெங்கும் போகின்றன. துண்டு ஒயரை நம்பிக் காலம் தள்ள முடியாது என்பதால் இதற்கென்றே ஒயர் வாங்குகிறார்கள். நடுப்புள்ளியிலிருந்து சுழன்று விரியும் அந்த வண்ணங்களைப் பார்த்தால் யாருக்கும் கை பர்ஸுக்குப் போகும்.

எனக்குத் தடிதான் பெரிதாகப் பட்டது. அதற்கு வாங்குபவன் கிடையாது. காதலி கிடையாது. இருட்டில் பார்க்கவும் ஆள் கிடையாது. விடியும்வரை கண் செருகாமல் இருக்கப் பின்னியது. எப்படிப் பின்னியிருந்தாலும் விடிந்திருக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நகம் நுழையாது.

டர்பன் கலைக்கூடங்களில் சுலுப் பானைகளை நிறையப் பார்க்கலாம். 'உகம்பா' என்ற அந்த உருண்டைக் கறுப்புப் பானை, சோள பீர் குடிப்பதற்கானது. சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறு கயிறாகத் திரித்து, வட்டமாக அடுக்கி, சுரைத்துண்டால் வழித்துச் சுவரை எழுப்புகிறார்கள். ஈரம் காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். சுள்ளி, சாணி, காய்ந்த கற்றாழை மடல் போட்டுத் திறந்தவெளியில் சுட்டால் முதலில் செம்பழுப்பாக வரும். மறுபடி காய்ந்த புல்லைப் போட்டுப் புகைமூட்டத்தில் சுட்டு அதைக் கறுப்பாக்குகிறார்கள். பிறகு கொழுப்புத் தடவி மீண்டும் கல்லால் தேய்ப்பு. இவ்வளவு பாடுபட்டுக் கறுப்பாக்குவதற்குக் காரணம் உண்டு. முன்னோர்கள் இருட்டையும் குளிர்ச்சியையும் விரும்புகிறவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வட்டக் குடிசையின் உள்கோடியில் 'உம்சாமோ' என்ற இடம் முன்னோருக்கானது. சிறு பானையில் பீர் ஊற்றி இரவு முழுக்க அங்கே வைத்துவிடுவார்கள். வெளிச்சம் எட்டாத அந்த மூலையில் உட்கார வேண்டிய பொருளைத்தான் கலைக்கூடத்தில் மூன்று பக்கமும் விளக்கு போட்டு நிறுத்துகிறோம்.

கலைக்கூடத்துக்குப் போகும் பானைகளுக்குக் கொழுப்புக்குப் பதில் ஷூ பாலிஷ் தடவுவதும் உண்டு. பளபளப்பு அதிகம், பூசணம் பிடிக்காது. அதில் யாரும் பீர் குடிக்கப் போவதில்லை என்பது செய்தவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடிப்பவருக்குக் கொழுப்பு, பார்ப்பவருக்குப் பாலிஷ். ஆளுக்கேற்ற மரியாதை அது. துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கின் குயத்தி நெஸ்டா நாலா (1940–2005) இரண்டு பக்கமும் வாழ்ந்தவர். தாயிடம் கற்றார், மகள்களுக்குக் கற்றுக்கொடுத்தார், பிற்காலப் பானைகளில் தன் பெயரைக் கீறினார். பெயர் கீறுவது கலைக்கூடத்துக்காக. முன்னோருக்குப் பெயர் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தொல்லியலாளர்கள் அவர் வாழ்ந்த பகுதியில் தோண்டி எடுத்த பழங்கால ஓடுகளைக் காட்டியபோது, அவற்றிலிருந்த கோலங்களைத் தன் பானைகளில் ஏற்றிக்கொண்டாரே, அது யாருக்காக? எந்த வாடிக்கையாளரும் அதைக் கேட்டு வந்ததில்லை.

மிட்லேண்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. 1985 வாக்கில் சில குயவர்களும் நெசவாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து, வருகிறவர்கள் தங்கள் பட்டறைகளைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று போட்ட சுற்றுலா வழி ஒன்று அங்கே உண்டு. இன்று அந்த வழியில் பாலாடைக்கட்டி, மெழுகுவத்தி, தோல் செருப்பு, காபி, மறுபடி காபி. ஹோவிக் பக்கம் ஆர்103 சாலையில் மட்டும் கட்டாயம் இறங்க வேண்டும். 1962 ஆகஸ்ட் 5 அன்று நெல்சன் மண்டேலாவைப் போலீசார் பிடித்த இடம். ஐம்பதாம் ஆண்டில், சிற்பி மார்கோ சான்ஃபனெல்லி அங்கே 50 எஃகுத் தூண்களை நட்டார். பக்கத்தில் போனால் ஒழுங்கற்ற கம்பிகள்தான். சுமார் 35 மீட்டர் தள்ளி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் அவை சேர்ந்து மண்டேலாவின் முகமாகின்றன. பார்ப்பவன் எங்கே நிற்பான் என்பதைத் தெரிந்துகொண்டு செய்த வேலை. சிவிங்கிக் கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார், இன்னும் குறைந்த செலவில்.

அதே மிட்லேண்ட்ஸில் காவர்ஷம் பக்கம் ஆர்ட்மோர் மட்பாண்டக் கூடம். ஃபீ ஹால்ஸ்டெட் என்ற கலைஞர் 1985இல் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்து ஆர்ட்மோர் பண்ணையில் தொடங்கியது. முதல் மாணவி பானி ன்ட்ஷாலின்ட்ஷாலி. போலியோவால் கால் பாதிக்கப்பட்டு வயல் வேலைக்குப் போக முடியாத பதினெட்டு வயதுப் பெண். ஐந்தே ஆண்டுகளில், 1990இல், இருவரும் சேர்ந்து நாட்டின் உயரிய இளங்கலைஞர் விருதைப் பெற்றார்கள். 1999இல் எய்ட்ஸ் பானியைக் கொண்டுபோயிற்று. அந்தக் கூடத்தின் வேறு பல கைகளையும் அந்நோய் எடுத்துக்கொண்டது. இன்று அங்கே ஒரு தேநீர்க் கெண்டியின் கைப்பிடியில் குரங்கு தொங்கும், மூக்கில் சிறுத்தை பாயும், மூடியில் வரிக்குதிரை உட்காரும். தேநீர் ஊற்றினால் யார் வாயில் போகும் என்று தெரியாது. பாரிஸின் எர்மெஸ் நிறுவனம் இவர்கள் வரைந்ததைப் பட்டுத் துணியில் அச்சிட்டிருக்கிறது. பணக்காரர்களின் வரவேற்பறைக்காகத் தெரிந்தே செய்கிறார்கள். சிவிங்கி வரிசையின் மிக உயரமான கோடி இது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அடியைத் திருப்பினால் வடித்தவர் பெயரும் வண்ணம் தீட்டியவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. அலமாரிக்குப் பின்னால் மறையும் பக்கத்தில்கூட இறகு இறகாகத் தீட்டியிருக்கிறார்கள். சுவரைப் பார்த்து நிற்கப்போகும் பக்கத்துக்கு அவ்வளவு உழைப்பு ஏன்?

ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் போருக்காக வருகிறார்கள். 1879 ஜனவரி 22 மாலை தொடங்கி மறுநாள் விடியும்வரை, நூற்றைம்பது பேரளவிலான பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கான சுலு வீரர்களை எதிர்த்து நின்ற இடம். பதினொரு பேருக்கு விக்டோரியா சிலுவைப் பதக்கம். அன்று பகலில்தான் பக்கத்து இசண்டல்வானாவில் சுலுப் படை பிரிட்டிஷ் முகாமைத் துடைத்தெறிந்திருந்தது என்பதைக் கொஞ்சம் மெதுவான குரலில் சொல்வார்கள். போர் அருங்காட்சியகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் லுத்தரன் திருச்சபையின் கலை, கைவினை மையம். பேருந்துக் கூட்டம் கிளம்புவதற்கு முன் கிடைக்கிற சில நிமிடங்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

பீடர் கோவேனியஸ், உல்லா கோவேனியஸ் என்ற சுவீடன் தம்பதி 1962இல் ஸேசா மிஷன் மருத்துவமனை நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுத்தரத் தொடங்கிய முயற்சி, மறு ஆண்டு இங்கே இடம்பெயர்ந்தது. ஸேசாவில் காசநோய்க்காகப் படுத்திருந்தவர்களில் ஒருவர் அசாரியா ம்பாத்தா. லினோலியத் துண்டு, ஒரு சிறு கத்தி, கறுப்பு மை. வேறு செலவில்லாத கலை என்பதால் லினோகட் இங்கே வேர்பிடித்தது. ம்பாத்தா விவிலியக் கதைகளைக் கட்டம் கட்டமாகச் செதுக்கினார். கதைமாந்தர்கள் கறுப்பர்கள். மிஷன் சபையார் அதில் வேதத்தைப் பார்த்தார்கள். அடிமைத்தளையும் விடுதலையும் யாருடைய கதை என்று தெரிந்தவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். ஒரே தாள், இரண்டு முகவரி. 1968 முதல் 1982 வரை இங்கே நடந்த நுண்கலைப் பள்ளி, கறுப்பின இளைஞர்களுக்கு ஓவியக் கல்லூரிக் கதவுகள் மூடியிருந்த காலத்தில் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று. நமீபியாவிலிருந்து வந்து படித்த ஜான் முவாஃபங்கேஜோ, 1981இல் ரோர்க்ஸ் டிரிஃப்ட் போரையே லினோகட்டில் செதுக்கினார். வெளியே பேருந்தில் வருகிறவர்கள் தேடி வரும் அதே போர்.

மையத்தின் தறிகள் சுவீடன் வழி வந்தவை. கம்பளம் நெய்வது சுலுப் பெண்களின் பழைய தொழில் கிடையாது. ஆனால் இங்கே முன்வரைபடம் வைத்துக்கொண்டு நெய்யும் வழக்கம் இல்லை. தறியில் உட்கார்ந்தபின் நூல் போகிற போக்கில் மாடும் மனிதரும் மரமும் உருவாகும். அடுத்த கையளவில் என்ன வரும் என்பது நெய்பவருக்கே அப்போதுதான் தெரியும். வாங்குபவர் முன்கூட்டியே கேட்டுச் செய்ய முடியாத சரக்கு.

எஷோவேயில், பழைய கோட்டை ஒன்றின் வளாகத்தில் வுக்கானி அருங்காட்சியகம். சுவர் சுவராகக் கூடைகள். பிளாஸ்டிக் வாளி கிராமத்துக்குள் வந்ததும் கூடை பின்னுவது கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. 1972இல் செல் லோஃப்ரொத் என்ற சுவீடன் பாதிரியார், மிச்சமிருந்த கைகளைத் தேடிப் பிடித்து, மற்றவர்களுக்குக் கற்றுத்தரவும் செய்ததை விற்கவும் ஏற்பாடு செய்தார். இப்படித்தான் இலாலா ஓலைக் கூடை உயிர் பிழைத்தது. ருபன் ன்ட்வாண்ட்வே, பியூட்டி ன்கொங்கோ போன்றவர்களின் கூடைகள் இன்று உலகின் பெரிய சேகரிப்புகளில் உள்ளன.

'இசிச்சுமோ' என்ற கூடையை அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். வயிறு பருத்து, கழுத்து குறுகி, மேலே குல்லா மாதிரி மூடி போட்ட பீர்க் கூடை. திரித்த புல்லை உள்ளே வைத்து, இலாலாப் பனையின் குருத்தோலைக் கீற்றால் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போகிறார்கள். ஊசி உள்ளே போகும் ஒவ்வொரு இடத்திலும் முந்தைய சுற்றைக் கவ்வ வேண்டும். பழுப்பு, கறுப்பு, ஊதா எல்லாம் வேரையும் பட்டையையும் பழத்தையும் வேகவைத்து எடுத்த சாயம். பீர் ஊற்றினால் ஓலை ஈரத்தில் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளும், ஒழுகாது. பெரிய கூடைக்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். இப்போது இதில் யாரும் பீர் ஊற்றுவதில்லை. பாஸ்டனிலோ பெர்லினிலோ ஜன்னலோரம் நிற்கப்போகிற கூடை ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன? இருந்தும் நல்ல கை பின்னிய கூடை ஒழுகுவதில்லை.

விடை ஹ்லுஹ்லுவே பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. கடை கூடைகளை எடுக்கும் நாள் போலிருக்கிறது. மினிபஸ் டாக்சிகளில் பெண்கள் மூட்டையோடு வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைப் பையன் மேசைமேல் அளவுகோலை நிறுத்தி, ஒவ்வொரு கூடையின் உயரத்தையும் குறித்துக்கொண்டிருந்தான். உயரத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல். தையல் நெருக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் போடுவார்கள், கொஞ்சம்தான். ஒரு வயதான அம்மாள் வைத்த கூடை முழங்காலுக்குக்கூட வராது. பையன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தான். எனக்கும் காட்டினான். ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. பிறகு பட்டியலைப் பார்த்து, "கோகோ, இந்த உயரத்துக்கு இவ்வளவுதான்" என்றான். கோகோ என்றால் பாட்டி. அங்கே வயதான பெண்கள் எல்லாருமே கோகோதான். அவர் விட்டுவிடவில்லை. நன்றாகச் சண்டை போட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதே உயரத்தைத் தளர்த்தித் தைத்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்குமே. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?" என்று பையனைக் கேட்கச் சொன்னேன். கோகோ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுலுவில் ஏதோ சொன்னார். பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அப்படித் தைச்சு எடுத்துக்கிட்டு டாக்சியில ஏறினா, பக்கத்துல உட்கார்ந்து வர்றவங்க பார்த்துடுவாங்களாம்."

பையன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோகோ கூடையைக் கவிழ்த்து அடியைக் காட்டினார். கூடை தொடங்கும் இடம், ஒரு காசளவு வட்டம். மொத்தக் கூடையிலும் அங்கேதான் தையல் மிக நெருக்கம். பெஞ்சிலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்து கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பின. கடைக்கு வருகிறவர்களில் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

வாங்குபவனுக்காகச் செய்வது இழுக்கு என்று நான் நினைக்கவில்லை. பெனின் சிற்பியும் வாங்குபவனுக்காகத்தான் செய்தார். சிவிங்கி செதுக்குகிறவர் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். ஆனால் வாங்குபவன் கேட்கத் தெரிந்த அளவோடு நின்றுவிட்ட பொருளில் அவன் முகம் மட்டுமே இருக்கிறது. அவனுக்குக் கேட்கத் தெரியாத இடத்திலும் வேலை தொடர்ந்திருந்தால், அந்த மிச்சம் வேறு யாருக்கோ போய்ச் சேருகிறது. கறுப்புப் பானையில் அது இருட்டு மூலையில் இருக்கும் முன்னோருக்கு. நெஸ்டா நாலாவிடம் அது மண்ணுக்கடியில் பெயரில்லாமல் கிடந்த குயத்திகளுக்கு. காவலாளியின் தடியில் அது அவருடைய விரல்களுக்கே. கோகோவிடம் டாக்சியின் பக்கத்து இருக்கைக்கு. பாய்மர உச்சியில் ஒருவனை ஏற்றி எட்டிப் பார்க்கச் சொல்லி எந்த மாலுமி கேட்டிருப்பான்? அந்த மிச்சத்தைத்தான் நாம் கலை என்கிறோம். அது கலைக்கூடத்தில் இருக்கும், சாலையோரத்தில் இருக்காது என்று சொல்லிவிட முடியாது. விலையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அடியைக் கவிழ்த்துப் பார்த்தால் சிலசமயம் தட்டுப்படும்.

இதிலிருந்து ஒரு பயமும் வருகிறது. கூடை வாங்க ஆள் இல்லாமல் போனால் கலை செத்துவிடும் என்று சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கடைகளும் மையங்களும் வந்தன, அது பொய்யுமில்லை. ஆனால் அந்த டாக்சி வராமல் போனாலும் செத்துவிடும். பின்னத் தெரிந்தவள் பக்கத்தில் பின்னத் தெரிந்தவள் உட்கார்ந்து வராத ஒரு காலத்தில், கூடைகள் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே அது நடந்து முடிந்திருக்கும். வாங்குகிற நமக்கு வித்தியாசமே தெரியாது.

அந்தக் கூடையை நானே வாங்கிக்கொண்டேன். கடையின் விலைக்குப் பேரம் பேசத் தோன்றவில்லை. பையன் கூடையின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டினான்: பின்னியவர் பெயர், ஊர், உயரம், விலை. பெஞ்சிலிருந்தவர்களைக் காட்டி, இந்தக் கூடையில் இவர்களுக்கும் பங்கு இருக்கிறதே, இவர்களைப் பற்றி ஒரு வரி போடக் கூடாதா என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. "அவங்க எதுக்கு சார்? அவங்க யாரும் கூடை வாங்குறதில்லையே" என்றான்.